வாய்ப்புண் வந்தால் எதை விட வேண்டும், எதை விடவே கூடாது

கேள்வி இதுதான்: "எனக்கு 34 வயது, பள்ளி ஆசிரியை. மாதம் ஒரு தடவையாவது கீழ் உதட்டின் உள்பக்கமோ நாக்கின் ஓரமோ புண் வந்துவிடுகிறது. பி காம்ப்ளக்ஸ் மாத்திரை போட்டும் நிற்கவில்லை. உடம்புச் சூடுதான் காரணம் என்று அத்தை முட்டை, மீன், கோழி எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். இன்னும் எதையெல்லாம் சாப்பிடக் கூடாது? வீட்டு வைத்தியம் என்ன செய்யலாம்? என் நான்கு வயதுப் பையனுக்கும் இப்போது வாயில் புண். நான் தடவும் ஜெல்லையே அவனுக்கும் தடவலாமா?"

மருந்துக்கடை கவுன்ட்டரில் நிற்கிற எனக்கு இது வாரம் தவறாமல் வருகிற கேள்விதான். ஆனால் நீங்கள் எழுதியதில் எனக்கு முதலில் கவலை தந்தது புண் இல்லை, முட்டையும் மீனும் நின்றுபோனதுதான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் இது என்ன புண் என்று பார்த்துவிடலாம். நடுவில் வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ இருந்து, சுற்றிலும் சிவந்த வளையம் போட்டு, உதட்டின் உள்பக்கம், கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் ஓரம், நாக்குக்கு அடியில் என்று மெத்தென்ற இடங்களில் வருவதுதான் சாதாரண வாய்ப்புண். இது ஒட்டாது. ஒரே டம்ளரில் தண்ணீர் குடித்ததால் இது வராது. உதட்டுக்கு வெளியே கொத்தாக நீர்க்கொப்புளம் வந்து உடைகிறதே, அது வைரஸால் வருவது, அது ஒட்டும், அதற்கு மருந்தும் வேறு. வாயின் இரண்டு கடைவாயும் வெடித்து எரிவது மூன்றாவது வகை. அதில் பூஞ்சை, இரும்புச்சத்துக் குறைவு, பி2 குறைவு என்று பல காரணங்கள் இருக்கும். கடையில் வந்து "வாய்ப்புண்ணுக்கு ஏதாவது கொடுங்க" என்று கேட்பவர்கள் இந்த மூன்றையும் அதே பேரில்தான் சொல்வார்கள், வாயைத் திறந்து காட்டச் சொன்னால்தான் தெரியும். நீங்கள் சொல்கிற இடங்களை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு வருவது முதல் வகைதான்.

ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கிற இந்தப் புண் 7 முதல் 14 நாளில் தழும்பில்லாமல் தானாகவே ஆறிவிடும். இதை மனதில் வைத்துக்கொண்டால் வீட்டு வைத்தியத்தைப் பற்றிய பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஏனென்றால் எட்டாம் நாள் எதைத் தடவினாலும் அதற்குத்தான் நல்ல பெயர் கிடைக்கும். வீட்டு வைத்தியத்திடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது, அந்தப் பத்து நாளும் எரிச்சலைக் குறைத்து, நாலு வாய் சாப்பிட வைத்து, புண் மேலும் கிளறாமல் பார்த்துக்கொள்வது. மாதாமாதம் வராமல் தடுக்க வேண்டுமென்றால் அது தனி வேலை, அதைக் காரணத்தைத் தேடித்தான் செய்ய வேண்டும்.

சரி, எதைத் தவிர்ப்பது. புண் திறந்திருக்கிற நாட்களில் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். புளிப்பு முதலில்: எலுமிச்சை, ஆரஞ்சு, தக்காளி, புளிக்குழம்பு, புளித்த மோர். அன்னாசி இரண்டு வகையில் கெடுதல், புளிப்பும் உண்டு, புரதத்தைக் கரைக்கிற என்சைமும் உண்டு, அதனால்தான் நல்ல வாயிலேயே நாக்கு அரிக்கிறது. அப்புறம் காரமும் ஊறுகாயும், அதைச் சொல்லவே வேண்டாம். எல்லோரும் மறந்துவிடுவது சொரசொரப்பான பண்டங்களை: முறுக்கு, தட்டை, சிப்ஸ், அப்பளம், வறுத்த வேர்க்கடலை, மொறுமொறு தோசையின் கருகிய ஓரம். இவை புண்ணின் மேல் உரசி, ஆறத் தொடங்கிய இடத்தை மறுபடியும் கீறிவிடும். ஆவி பறக்கிற காபியும் டீயும் அதே வேலையைத்தான் செய்யும், ஆறவைத்துக் குடியுங்கள். கோலா, சோடா வேண்டாம். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் உணவில்லை என்றாலும் இந்தப் பட்டியலில் சேர வேண்டியது, "கிருமி சாகட்டும்" என்று புண் வாயோடு அதைக் கொப்பளித்துவிட்டுக் கண்ணீரோடு வருகிறவர்கள் உண்டு.

இங்கே ஒன்று முக்கியம். மணத்தக்காளி வாய்ப்புண்ணுக்கு நல்லது என்று சொன்னதும் பல வீடுகளில் மணத்தக்காளி வற்றல் குழம்பு வைத்துவிடுகிறார்கள். வற்றலில் ஏற்கெனவே உப்பு ஏறியிருக்கிறது, குழம்பு முழுக்கப் புளி, அதற்கு மேல் மிளகாய்த்தூள். புண்ணுக்கு ஆகாத மூன்றும் ஒரே கிண்ணத்தில். வேண்டியது கீரை, வற்றல் இல்லை.

கீரையைத் தண்ணிச்சாறாக வையுங்கள், செட்டிநாட்டுப் பக்கம் வைப்பது போல. ஒரு கட்டு மணத்தக்காளிக் கீரையை ஆய்ந்து, மண் போக நாலைந்து தண்ணீரில் அலசிக்கொள்ளுங்கள். அரிசியை முதலில் கழுவிய தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டாவது கழுவிய தண்ணீரை எடுத்து வையுங்கள். கொஞ்சம் நெய்யில் சீரகம், பத்துப் பன்னிரண்டு சின்ன வெங்காயம், இரண்டு பல் பூண்டு வதக்கி, கீரையைப் போட்டுச் சுருண்டதும் அரிசித் தண்ணீரை ஊற்றி, ஒரு கைப்பிடி வேகவைத்த பாசிப்பருப்பும் சேர்த்து மூடாமல் வேகவிட வேண்டும். மூடி வைத்தால் நிறம் கறுத்து, கசப்பும் தூக்கலாக இருக்கும். கீரை வெந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு அரை டம்ளர் கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றுங்கள், அதற்குப் பிறகு கொதிக்கக் கூடாது. வழக்கமாகப் போடும் காய்ந்த மிளகாயை இந்தப் பத்து நாளைக்கு விட்டுவிடுங்கள், உப்பும் கொஞ்சமாகவே. வெதுவெதுப்பாக ஆறியதும் குழைந்த சாதத்தில் ஊற்றிச் சாப்பிட்டால் புண்ணில் எரிச்சலே தெரியாமல் இறங்கும். இது புண்ணை மூன்றே நாளில் மாயமாக்கிவிடும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஃபோலேட் என்கிற பி வைட்டமின் சத்துள்ள கீரை, புரதத்துக்குப் பருப்பு, புண்ணின் மேல் வழுவழுப்பாகப் படிகிற தேங்காய்ப்பால் என்று வாய் வெந்துபோனவர் வயிறு நிறையச் சாப்பிட இதைவிடத் தோதான சாப்பாடு எனக்குத் தெரியவில்லை. வேலியோரம் தானாக முளைத்ததை அடையாளம் தெரியாமல் பறிக்காதீர்கள், சந்தையில் வாங்குங்கள். பச்சைக் காயைப் பச்சையாக மெல்லவும் வேண்டாம், அதில் நச்சுத்தன்மை உண்டு.

மற்றபடி புளிக்காத தயிர் சாதம், நெய் தடவிய இட்லி, தேங்காய்ப்பால் ஊற்றிய இடியாப்பம், அரிசிக் கஞ்சி, இளநீர், நுங்குக் காலத்தில் நுங்கு. பட்டினி மட்டும் கிடக்காதீர்கள்.

வைத்தியங்களில் எனக்கு முதலிடம் உப்புத் தண்ணீர்தான். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு, சாப்பிட்டபின் ஒவ்வொரு தடவையும் அரை நிமிடம் வாயில் வைத்துச் சுழற்றித் துப்ப வேண்டும். உப்பு சுருக்கென்றால் அதற்குப் பதிலாகச் சமையல் சோடாவை அதே அளவு கலந்து கொப்பளிக்கலாம், அது வாயின் அமிலத்தைக் குறைக்கும். எதையும் கரைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். கல் உப்பை எடுத்து நேராகப் புண்ணில் வைத்து அழுத்துவது, படிகாரத்தைத் தேய்ப்பது, கிராம்பு எண்ணெயைச் சொட்டாக விடுவது, ஆஸ்பிரின் மாத்திரையைப் புண்ணருகே அடக்கிக்கொள்வது, இவையெல்லாம் இருக்கிற புண்ணைச் சுட்டுப் பெரிதாக்கும். எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்கிற எண்ணம் வாய்ப்புண் விஷயத்தில் முழுத் தவறு.

தேன் நல்ல தேனாக இருந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு சுத்தமான விரலால் தொட்டு வைக்கலாம், வலியும் சிவப்பும் குறைகிறது என்று சிறிய ஆய்வுகளும் இருக்கின்றன. சர்க்கரை நோயாளிகள் அளவோடு. ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குத் தேனை நாக்கில் தொட்டுக்கூட வைக்கக் கூடாது, பாட்டுலிசம் என்கிற நச்சு நோய் வரக்கூடும். கொப்பரையையும் கசகசாவையும் மென்று சாப்பிடச் சொல்வது நம் வீடுகளில் வழக்கம், நல்லதுதான், ஆனால் கொப்பரையைத் துண்டாகக் கடித்தால் அதுவே குத்தும், கசகசாவை ஊறவைத்து இரண்டையும் சேர்த்து விழுதாக அரைத்துப் பாலில் கலந்து குடியுங்கள். கொய்யாக் கொழுந்து இலைகளைக் கொதிக்கவைத்து ஆறிய நீரில் கொப்பளிப்பதும், மாசிக்காயைச் சந்தனக் கல்லில் தண்ணீர் விட்டு இழைத்துத் துளியாகத் தடவுவதும் துவர்ப்பால் வேலை செய்பவை. அந்தத் துவர்ப்பு புண்ணின் மேல் மெல்லிய படலம் போல் இறுகிக் கொஞ்ச நேரத்துக்கு வலியைத் தள்ளிவைக்கும். அதிமதுரம் வாயில் அடக்கிக்கொள்ள இதமாக இருக்கும், இரத்த அழுத்தம் இருப்பவர்கள் மட்டும் அதை நாள்கணக்கில் விழுங்க வேண்டாம், அழுத்தத்தை ஏற்றிப் பொட்டாசியத்தைக் குறைத்துவிடும். ஒரு சின்ன ஐஸ் துண்டைச் சாப்பாட்டுக்கு முன்னால் புண்ணின் மேல் வைத்தால் அந்த இடம் மரத்துப்போய்ப் பத்து நிமிடம் நிம்மதியாகச் சாப்பிடலாம். இதை ஏனோ யாரும் செய்வதே இல்லை.

இப்போது முட்டைக்கும் மீனுக்கும் வருகிறேன். அத்தை உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் திரும்பத் திரும்ப வாய்ப்புண் வருவதற்கு உடம்பில் தேட வேண்டிய முதல் காரணங்கள் இரும்புச்சத்து, பி12, ஃபோலேட் ஆகிய மூன்றின் குறைவு. பி12 என்பது கீரையிலும் காயிலும் பருப்பிலும் கிடையாது. முட்டை, மீன், ஈரல், இறைச்சி, பால், தயிர் இவற்றில்தான் இருக்கிறது. சூடு என்று சொல்லி முட்டையையும் மீனையும் நிறுத்தினால், புண்ணுக்குக் காரணமாக இருக்கக்கூடிய குறைவை நாமே கூட்டுகிறோம். அப்புறம் புண் கூடுகிறது, உடனே பட்டியலில் இன்னும் இரண்டு பொருள் சேர்கிறது, சாப்பாடு இன்னும் சுருங்குகிறது. இந்தச் சுழலில் மாட்டி எலும்பும் தோலுமாக வருகிற பெண்களைப் பார்க்கும்போது உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது. வேகவைத்த முட்டை, காரமில்லாமல் வைத்த மீன், இவை புண் இருக்கும்போதும் சாப்பிடலாம். மெத்தென்றும் இருக்கும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் பால், தயிரைக் குறைக்கவே கூடாது.

இரும்புக்கு வந்தால், மாதவிடாயில் இரத்தப்போக்கு அதிகம் உள்ள பெண்களுக்கு அது சீக்கிரம் குறையும். பள்ளி இடைவேளையில் டிபன் சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கம் உங்களுக்கு இருந்தால், அந்த டீயில் உள்ள டானின் சாப்பாட்டிலிருந்து இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கும். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். புண் ஆறிய பிறகு முருங்கைக்கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேருங்கள், இரும்பு நன்றாகச் சேரும். இப்படித்தான் சொல்கிறேன், புளிப்பை விடுவது பத்து நாளைக்கு மட்டும், வாழ்நாளுக்கு இல்லை.

பி காம்ப்ளக்ஸ் ஏன் நிற்கவைக்கவில்லை என்று கேட்டீர்கள். குறைவு எதில் என்று தெரியாமல் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் போடுவது அது. பல மாத்திரைகளில் இரும்பு இருக்காது, பி12 மிகச் சிறிய அளவுதான் இருக்கும். அமெரிக்காவில் 160 பேரிடம் நடத்தி 2012இல் வெளியான ஆய்வில், ஒரு வருடம் தினமும் மல்ட்டிவிட்டமின் சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் புண் வருவதில் வித்தியாசமே இல்லை. இஸ்ரேலில் 2009இல் வெளியான இன்னொரு சிறிய ஆய்வில், பி12 மட்டும் 1000 மைக்ரோகிராம் ஆறு மாதம் நாக்குக்கு அடியில் வைத்துக் கொடுத்தபோது பெரும்பாலோருக்குப் புண் வருவது நின்றது. இதைப் படித்துவிட்டு நீங்களே பி12 வாங்கத் தொடங்க வேண்டாம். மாத்திரையைத் தொடங்கும் முன் இரத்தப் பரிசோதனை எடுங்கள்: முழு இரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின் (உடம்பில் சேமித்திருக்கிற இரும்பின் அளவைக் காட்டுவது), பி12, ஃபோலேட். முன்னாலேயே மாத்திரை போட்டுவிட்டால் அளவு ஏறிக் குறைவு மறைந்துவிடும். வீட்டில் யாராவது சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டாலும், "கேஸ் மாத்திரை" என்று பான்டபிரசோல் வருடக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தாலும் அவர்களுக்கும் பி12 குறையலாம், ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

சத்து எல்லாம் சரியாக இருந்து புண் மட்டும் வந்தால் வாய்க்குள்ளேயே தேட வேண்டும். எப்போதும் அதே இடத்தில் வந்தால் பல்லின் உடைந்த முனையோ, கன்னத்தைக் கடிக்கிற கடைவாய்ப் பல்லோ காரணம், பல் மருத்துவர் ஐந்து நிமிடத்தில் ராவிச் சரிசெய்துவிடுவார். பற்பசைக் குழாயின் பின்பக்கம் பாருங்கள், சோடியம் லாரில் சல்பேட் என்கிற நுரைக்கும் பொருள் இருந்தால் அது இல்லாத பற்பசைக்கு இரண்டு மூன்று மாதம் மாறிப் பாருங்கள், சிலருக்கு அதிலேயே நின்றுவிடுகிறது. மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள், தேர்வுத் தாள் திருத்துகிற வாரங்கள், தூக்கம் கெட்ட நாட்கள், இவற்றோடு புண் ஒத்துப்போகிறதா என்று காலண்டரில் குறித்துவாருங்கள். சாக்லேட், சீஸ், முந்திரி போன்றவை சிலருக்கு மட்டும் தூண்டும், குறிப்பில் அது தெரிந்தால் அதை மட்டும் விடுங்கள்.

ஒரு மாத்திரையைப் பற்றி எச்சரிக்கை. மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் கொடுக்கிற மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டியது. அதைத் தவறுதலாகத் தினமும் விழுங்கிவிட்டால் முதலில் தெரியும் அடையாளங்களில் ஒன்று வாய் முழுக்கப் புண். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வாய் வெந்துபோயிருந்தால், கீரையும் தேனும் தேடாமல் மாத்திரைப் பட்டையோடு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உயிர் போகிற விஷயம் அது.

மூன்று வாரம் தாண்டியும் ஆறாத புண்ணைக் கட்டாயம் காட்ட வேண்டும். வலித்தால் பயப்படுகிறோம், வலிக்காவிட்டால் விட்டுவிடுகிறோம், ஆனால் புற்றுநோய்ப் புண் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. ஓரம் கெட்டியாக இருப்பது, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கழுத்தில் கட்டி, இவற்றைப் பாருங்கள். பாக்குப் போடுகிறவர்களுக்கு இன்னொன்று: முன்பெல்லாம் சாப்பிட்ட அதே காரம் இப்போது வாயில் தாங்க முடியாமல் எரிகிறது, வாயைத் திறந்தால் மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நுழைக்க முடியவில்லை என்றால் வாயின் உட்சதை இறுகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். புகையிலை போடவில்லை, வெறும் சீவல்தான் என்பார்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் வெளியிட்ட தொகுப்பிலேயே வெறும் பாக்கையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகத்தான் சேர்த்திருக்கிறது. தமிழ்நாட்டில் குட்கா, பான் மசாலாவுக்கு 2013இல் தடை வந்தது, சீவல் பாக்கெட் இன்னும் பெட்டிக்கடை முன்னால் சரமாகத் தொங்குகிறது. அரசு மருத்துவமனைப் பல் பிரிவில் காட்டலாம், செலவைப் பார்த்துத் தள்ளிப்போட வேண்டியதில்லை. வாய்ப்புண்ணோடு கண் சிவப்பு, பிறப்புறுப்பில் புண், நீடித்த வயிற்றுப்போக்கு, எடை குறைவு இருந்தாலும் பொது மருத்துவரிடம் போங்கள்.

கடைசியாகப் பையன். நீங்கள் தடவும் ஜெல்லை அவனுக்குத் தடவாதீர்கள். கடைகளில் அதிகம் போகிற வாய்ப்புண் ஜெல்களில் கோலின் சாலிசிலேட் இருக்கும், அது ஆஸ்பிரின் குடும்பம், காய்ச்சலோடு இருக்கிற குழந்தைகளுக்கு ஆகாது. மரத்துப்போகச் செய்கிற பென்சோகைன் ஜெல்லும் சின்னக் குழந்தைகளின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதைக் கெடுத்துவிடக்கூடும். பழைய வழக்கப்படி போரிக் கிளிசரின் தடவலாமா என்று பாட்டிமார் கேட்பார்கள், அதுவும் வேண்டாம், குழந்தை விழுங்கினால் நஞ்சு.

அவனுடைய உள்ளங்கை, உள்ளங்கால், பிட்டம், முழங்கால் எல்லாம் ஒரு தடவை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளியோ கொப்புளமோ இருந்தால் அது கை, கால், வாய் நோய், வைரஸால் வருவது, இந்த வயதுக் குழந்தைகளுக்குச் சகஜம், ஒரு வாரம் பத்து நாளில் போய்விடும். ஆனால் உங்களுடையதைப் போல இல்லாமல் இது நன்றாக ஒட்டும். அதனால் ஆறும்வரை பள்ளிக்கு அனுப்பாமல், அவன் டம்ளர், துண்டைத் தனியாக வைத்து, டயப்பர் மாற்றினாலும் கழிப்பறைக்குக் கூட்டிப்போனாலும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குளிர்ந்த பால், இளநீர், ஆறிய கஞ்சி, தயிர் என்று எது இறங்குகிறதோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள், ஜூஸ் வேண்டாம், எரியும். காய்ச்சலுக்கும் வலிக்கும் அவன் எடைக்குத் தகுந்த அளவு பாராசிட்டமால் சிரப் போதும், அளவை மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ எடையைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் ஒழுகவிட்டு, ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல், சோர்ந்து படுத்திருந்தால் இரவானாலும் காத்திருக்காமல் குழந்தைகள் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.